விடிவெள்ளியை நான் விற்கவில்லை

1

என் வீட்டுக்காரர் இறந்த ஆறாவது வருஷப் பூசை போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் நடந்தது. பூசை முடிந்து வாசலுக்கு வந்து முக்காட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து மகள் பிரசவத்துக்காகப் புதிதாக வந்திருக்கும் ஒரு பெண்மணி என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வெள்ளைக்காரங்களோட கடலுக்குப் போற பிலோமினா நீங்கதானா?"

"நான்தான்."

"ஊர்ல பேசிக்கிட்டாங்க. நான் நம்பலை."

"நம்புங்க," என்றேன்.

மகள் கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஊர் திரும்பியதும் அவள் என்னென்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நானே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சுருட்டுப் பிடிப்பதாக ஒரு பேச்சு இருக்கிறதாம். பிடிப்பதில்லை, வாடையே ஆகாது. கால்சட்டை போடுவதாக ஒரு பேச்சு. போடுகிறேன். சேலைத் தலைப்பை எஞ்சின் பெல்ட் ஒரு தடவை பிடித்து இழுத்தால் அப்புறம் நீங்களும் போடுவீர்கள். புருஷன் விட்டுப்போன படகை விற்காமல் வீம்புக்கு வைத்திருப்பதாக மூன்றாவது பேச்சு. அதில் வீம்பு என்பது சரி. மற்றதை விவரமாகச் சொல்ல வேண்டும்.

2

நம் ஊரில் கடலுக்குப் போவது அடுப்பு எரிவதற்காக. இங்கே நான் செய்வது வேறு தொழில். வசதியுள்ளவர்கள் ஒரு நாளைக்குப் படகை அமர்த்திக்கொள்வார்கள். விடியும் முன்பே தீவின் கிழக்கு ஓரத்துச் சாங்கியிலிருந்து கிளம்பி, கிழக்கே கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, தண்ணீர் பச்சை போய் நீலமாகிற இடம் வரைக்கும் அவர்களைக் கொண்டுபோவோம். படகின் பின்பக்கம் ஒரு நாற்காலியைத் தளத்தோடு சேர்த்து முடுக்கியிருக்கும். அது சுழலும். அதில் உட்கார்ந்து, கழியும் ரீலுமாக ஒரு ஆள் ஒரே ஒரு மீனோடு மல்லுக்கட்டுவார்.

அவர்கள் தேடி வருவது இரண்டு மீன்களைத்தான். ஒன்று மயில் மீன். முதுகில் பாய் விரித்ததுபோல நீலச் செட்டையும் மூக்கில் ஈட்டியும் உள்ளது. இன்னொன்று மார்லின், நம் பக்கம் கொப்பரன் என்பார்கள். அது ஆளைவிடப் பெரிது. கண்ணில் படுவதே அபூர்வம். பிடித்தால் கரையில் தலைகீழாகத் தொங்கவிட்டு எடை பார்த்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கறி அவர்களுக்கு வேண்டாம். மீன் வேண்டாதவர்கள் மீனுக்காக இவ்வளவு பாடுபடுவதை நினைத்து ஆரம்பத்தில் நானும் சிரித்திருக்கிறேன்.

இந்தத் தொழிலைத் தொடங்கியவர் என் வீட்டுக்காரர் மிக்கேல். துறைமுகத்தில் இழுவைப் படகில் எஞ்சின் வேலை பார்த்தவர். கடற்படை கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட ஒரு படகை எடுத்து, சாங்கிக் கழிமுகத்தில் கரையேற்றி, லீவு நாளெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து சரி செய்தார். எஞ்சின் வாங்கியது என் சங்கிலியில். படகுக்கு விடிவெள்ளி என்று பேர் வைத்தது நான். வெள்ளைக்காரர்கள் வாயில் நுழையாமல் "விடி" என்று கூப்பிட்டார்கள்.

படகோடு என் உறவு அத்தோடு சரி. சனிக்கிழமை ராத்திரி எங்கள் கேம்பல் லேன் மாடி அறையில் சார்டின் ரொட்டியும் கறிபஃபும் செய்து கூடையில் கட்டுவேன். அவர் எடுத்துக்கொண்டு போவார். ஒரு நாள் நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு, "பொம்பளை கால் பட்டா மயில் மீன் ஏறாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கூரை ஒழுகுகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். என் கழுத்துச் சங்கிலி அந்தப் படகின் வயிற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போது என் கால் மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை.

அத்தனை காற்றும் அலையும் பார்த்த மனிதர், ஒரு மத்தியானம் தேக்கா சந்தைக்கு எதிரே சிராங்கூன் ரோட்டைக் கடக்கும்போது லாரி மோதி இறந்தார். கையில் படகுக்கு வாங்கிய வார்னிஷ் டின் இருந்தது.

3

நாற்பதாம் நாள் முடிவதற்குள் என் கொழுந்தன் சூசை வந்தான். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை, கெட்டவன் கிடையாது. கூடவே படகு வாங்க ஒரு ஆளையும் கூட்டி வந்திருந்தான்.

"மதினி, படகைக் கொடுத்திருவோம். நீங்களும் புள்ளையும் ஊருக்குப் போயிருங்க. அண்ணன் இல்லாம இங்க என்ன இருக்கு?"

"ஊர்ல என்ன இருக்கு சூசை?"

"என்ன மதினி இப்படிக் கேக்கிறீங்க? சனம் இருக்கு."

அந்தச் சனத்துக்கு நடுவில் விதவையாக ஒரு மூலையில் உட்கார்ந்து, யார் வீட்டு விசேஷத்திலும் முன்னால் வராமல், வெள்ளைச் சேலையில் கிழவியாவதை நான் யோசித்துப் பார்த்தேன். என் மகள் ஸ்டெல்லா அப்போது கான்வென்டில் படித்துக்கொண்டிருந்தாள். அவளை ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைப்பது? வந்தவரிடம், "படகு விற்பனைக்கு இல்லை" என்றேன். சூசை அப்புறம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

படகோட்டி யூசோப்பைப் பார்க்க அடுத்த நாளே சாங்கிக்கு பஸ் ஏறினேன். அவர் மலாய்க்காரர், என் வீட்டுக்காரரோடு முதல் நாளிலிருந்து இருந்தவர். என்னைக் கண்டதும் எழுந்து வந்து "காக்கா, காக்கா" என்று கண் கலங்கினார். எனக்குச் சுருக்கென்றது. நான் கறுப்புதான், அதற்காகத் துக்கம் விசாரிக்கும்போதா என்று நினைத்தேன். அக்காவைத்தான் மலாயில் அப்படிச் சொல்வார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தும் நான் அடுப்படி தாண்டி மலாய் பேசியதில்லை.

அடுத்தது லைசென்ஸ் ஆபீஸ். படகு அவர் பேரில் இருந்தது. என் பேருக்கு மாற்ற வேண்டும். முதல் ஜன்னலில் மரணச் சான்றிதழ் கேட்டார்கள். இரண்டாவது ஜன்னலில் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். ஊரில் பங்குச் சாமியார் லத்தீனில் எழுதிக் கொடுத்ததை நீட்டினேன். அதை யாராவது மொழிபெயர்த்து முத்திரை வாங்கி வர வேண்டும் என்றார்கள். அதுவும் கொண்டுபோனேன். மூன்றாவது ஜன்னலில் இருந்த இளைஞன், படகு சொந்தக்காரரை வரச்சொல் என்றான். நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்த ஆங்கிலத்தைச் சொன்னேன். பதற்றத்தில் ஓனர் என்ற கடைசிச் சொல் விழுந்துவிட்டது. "ஐ யாம் த போட்," என்றேன்.

அவன் சிரித்தான். பக்கத்து மேசைக்காரனிடம் சொல்லி அவனும் சிரித்தான். நான் தப்பைத் திருத்தவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆபீஸ் மூடும்வரை உட்கார்ந்தேன். மறுநாளும் போய் அதே இடத்தில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே என் பேர் ஏறிவிட்டது.

4

என் பேரில் படகு முதல் தடவை கிளம்ப வேண்டிய நாள், யூசோப்புக்கு உதவியாக இருந்த ஆள் வரவில்லை. பொம்பளை முதலாளியின் படகில் மீன் ஏறாது என்று வேறு படகுக்குப் போய்விட்டானாம். சவாரிக்கு வந்தவர்கள் வில்மட் துரையும் அவர் மனைவி ஜோனும். வில்மட் ஒரு வியாபாரக் கம்பெனியின் மேலாளர். அதைவிட முக்கியம், மீன்பிடிக் கிளப்பின் செயலாளர். எங்களுக்கு வந்த சவாரிகளில் பெரும்பாலானவை அவர் கைகாட்டி வந்தவை.

யூசோப் என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிக் கூடைக்குள் போட்டுவிட்டு ஏறினேன்.

"யார் இது?" என்று கேட்டார் வில்மட்.

"மிக்கேலின் மனைவி, துவான். படகு அவங்களுது," என்றார் யூசோப்.

துரை என்னைத் தாண்டிப் போனார். நான் அங்கே இல்லாததுபோல உட்கார்ந்துகொண்டார். கலங்கரை விளக்கம் தாண்டுவதற்குள் நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். ஜோன் அம்மாள் தன் கைக்குட்டையை நனைத்து என் கழுத்தில் போட்டார். அவர் பல வருஷமாகக் கணவரோடு வருகிறவர். ஒரு நாளும் கழியைத் தொட்டதில்லை. நிழலில் உட்கார்ந்து துரைக்கு பீர் ஊற்றுவது அவர் வேலை.

வெயில் ஏறிய பிறகு, வில்மட் சிறுநீர் கழிக்க முன்பக்கம் போனார். "ஒரு நிமிஷம் பிடி" என்று கழியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே ரீல் கத்தியது. பின்னால் தூரத்தில் தண்ணீர் பிளந்து ஒரு மயில் மீன் எழும்பிற்று. நான் அதுவரை சந்தையில் துண்டுகளாகத்தான் பார்த்திருக்கிறேன். முழுசாக, வெயிலில், நீலம் தீப்பிடித்ததுபோல அது நின்றதைப் பார்த்தபோது, இத்தனை வருஷம் இதைப் பார்க்கத்தான் என்னை விடவில்லையா என்று வயிறு எரிந்தது.

வில்மட் ஓடிவந்தார். "ஜோன், அதை என்னிடம் கொடு."

அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கால்களை ஊன்றியிருந்தார். முகம் வெளுத்திருந்தது. "என்னால் முடியும்," என்றார் மெதுவாக.

வில்மட் கையை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

இந்த விளையாட்டின் சட்டம் எனக்குத் தெரியும். சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிக் கேட்டது. யார் கையில் மீன் மாட்டியதோ அவர்தான் கடைசி வரை இழுக்க வேண்டும். இன்னொருவர் கை கழியில் பட்டால் அந்த மீன் கணக்கில் சேராது. வில்மட்டே அதை ஒரு பலகையில் எழுதிக் கொண்டுவந்து எங்கள் படகின் அறைக் கதவில் அடித்திருந்தார். நான் அந்தப் பலகையைக் காட்டினேன்.

அவர் முகம் சிவந்தது. குரலை உயர்த்தாமல் நிதானமாக ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அதில் "ஃபினிஷ்" என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது.

"நோ ஃபினிஷ், சார்," என்றேன். "ஃபிஷ் ஸ்டில் தேர்."

இந்தப் படகை ஒழித்துவிடுவேன் என்றுதான் அவர் சொன்னாராம். யூசோப் சாயங்காலம் விளக்கினார். அர்த்தம் தெரிந்திருந்தாலும் நான் விலகியிருக்க மாட்டேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மீன் போகும் பக்கமெல்லாம் நாற்காலியைத் திருப்பிக் கொடுப்பது உதவி ஆளின் வேலை. அதை நான் செய்தேன். ரீல் சூடேறாமல் கடல் தண்ணீர் ஊற்றினேன். ஜோன் அம்மாளின் உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. அவர் கழியை விடவில்லை. கடைசியில் மீன் படகோரம் வந்தபோது அதன் ஈட்டியைப் பிடித்துத் தூக்க யூசோப் பின்னால் வர வேண்டியிருந்தது. "காக்கா, சக்கரம்," என்றார். நான் ஓடிப்போய் சுக்கான் சக்கரத்தைப் பிடித்தேன். படகு என் கைக்குள் ஒரு தடவை உதறிவிட்டு நேராக நின்றது.

மீன் ஏறியது. ஜோன் அம்மாள் நாற்காலியை விட்டு எழ முடியாமல் அழுதார். வில்மட் கரை வரும்வரை முன்பக்கமே உட்கார்ந்திருந்தார்.

5

வில்மட் சொன்னபடியே செய்தார். கிளப்பிலிருந்து எங்களுக்கு ஒரு சவாரியும் வரவில்லை. போதாததற்கு இந்தோனேசியாவோடு தகராறு முற்றி, கடலில் ரோந்துப் படகுகள் மறித்துத் திருப்பி அனுப்பும் காலமும் வந்தது. விடிவெள்ளியில் கல்குவாரி ஆட்களைப் புலாவ் ஊபின் தீவுக்கு ஏற்றிப் போனோம். கோழிக்கூண்டு, ஐஸ் கட்டி, ஒரு தடவை பள்ளிக்கூடப் பெஞ்சுகள். நாற்காலியை மட்டும் கழற்றவில்லை. யூசோப் இடம் அடைக்கிறது என்றார். இருக்கட்டும் என்றேன்.

இடையில் ஜோன் அம்மாள் ஒரு புதன்கிழமை, ராணுவ ஆஸ்பத்திரி நர்சுகள் இரண்டு பேரோடு வந்து இறங்கினார். துரைக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவர் கேட்கவில்லை," என்றார். ரோந்துக்காரர்கள் கடலுக்கு விடுகிற நாட்களில் அதுவே வழக்கமாயிற்று. டீச்சர்கள் வந்தார்கள், டைப்பிஸ்டுகள் வந்தார்கள், கணவன் வேலைக்குப் போனதும் வீட்டில் இருக்கப் பிடிக்காத அதிகாரி மனைவிகள் வந்தார்கள். "பொம்பளைப் படகு" என்று கரையில் பேர் விழுந்தது. சூசை கோயில் வாசலில் அதைச் சொல்லி வருத்தப்பட்டான். பெயின்டரை வைத்துப் படகின் பக்கவாட்டில் எழுதிவிடவா என்று அவனிடம் கேட்டேன். அந்த வருஷமே நான் படகோட்டும் பரீட்சைக்கும் உட்கார்ந்தேன். கேள்வியெல்லாம் மலாயில் கேட்டார்கள், மலாயிலேயே பதில் சொன்னேன். யூசோப்பின் கண்ணில் புரை விழ ஆரம்பித்த பிறகு சக்கரம் என்னிடம் வந்துவிட்டது.

இதையெல்லாம் பார்த்து என் மகள் பெருமைப்பட்டாள் என்று எழுத ஆசைதான். உண்மை அப்படி இல்லை. ஸ்டெல்லாவுக்குக் கடல் ஆகாது, மீன் வாடை ஆகாது. நான் வீட்டுக்குள் வந்தால் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பாள். தோழிகளிடம் "மை மதர் இஸ் இன் ஷிப்பிங்" என்று சொல்லிவைத்திருந்தாள். ஒரு நாள் அவள் கான்வென்ட் வாசலுக்குக் கால்சட்டையோடு போய்விட்டேன்.

"அம்மா, ப்ளீஸ் லா. அடுத்த தடவை ஸாரி கட்டிக்கிட்டு வாங்க."

எனக்குச் சுட்டது. அவள் கனவு காண்பதுகூட ஆங்கிலத்தில்தான். ஜெபத்தை மட்டும் என் திருப்திக்காகத் தமிழில் சொல்வாள். ஒரு விடுமுறைக்குப் படகில் வா என்று கூப்பிட்டேன். "எனக்குப் பிடிக்கலம்மா. ஏன் ஃபோர்ஸ் பண்றீங்க?" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். ஏறாதே என்று சொன்னவர்களிடம் நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏறு என்று இவளை நான் எப்படிக் கட்டாயப்படுத்துவது? அவளுக்கு நர்ஸ் படிப்பு மேல் ஆசை வந்தது. இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இடமும் கிடைத்தது. ஊரில் இருந்திருந்தால் இத்தனை வயதுக்கு அவள் இடுப்பில் ஒரு பிள்ளை இருந்திருக்கும் என்று சூசை சொன்னான். அதனால்தான் ஊரில் இல்லை என்றேன்.

6

வெள்ளைக்காரப் படை முகாம்களைக் காலி செய்யப்போகிறது என்று செய்தி வந்ததும் சாங்கியில் இருந்த மற்ற சவாரிப் படகுகள் ஒவ்வொன்றாக விலைபோயின. சூசை மறுபடியும் ஒரு ஆளைக் கூட்டி வந்தான். இந்தத் தடவை நான் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், எங்கள் கேம்பல் லேன் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வில்மட் துரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. வேலை முடிந்து ஊருக்கே திரும்பப் போகிறாராம். ஜோன் அம்மாள் முன்னாலேயே கப்பலேறிவிட்டார். இத்தனை வருஷத்தில் துரைக்கு ஒரு மயில் மீன்கூட வாய்க்கவில்லை. அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது மனைவி பிடித்தது.

"போவதற்கு முன் ஒரு நாள்," என்றார். "வேறு படகு இல்லை."

அவருக்கு ஒத்துவந்த ஒரே நாள், ஸ்டெல்லா கப்பலேறுவதற்கு முந்தின நாள். நான் முடியாது என்று சொல்ல இருந்தேன். அவள் பெட்டி அடுக்கியபடியே சொன்னாள், "போயிட்டு வாங்கம்மா. இங்க இருந்தா என் துணியை மூணு தடவை மடிச்சு மடிச்சு வைப்பீங்க. ஆறு மணிக்கு வந்திருங்க, ஒண்ணா சாப்பிடுவோம்."

"நாலு மணிக்கே வந்திருவேன்," என்றேன்.

வில்மட்டிடமும் அதைச் சொல்லித்தான் ஏற்றினேன். ஒரு மணிக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடுவோம். சரி என்றார். கண் மங்கிப்போன யூசோப்பும் துணைக்கு வந்தார். கடல் எண்ணெய் தேய்த்ததுபோலக் கிடந்தது. காலை முழுவதும் இரை மீனை இழுத்துக்கொண்டு சுற்றினோம். ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்த மனிதர் நாற்காலியில் சாயாமல், கண்ணை எடுக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் இரக்கம் வராமல் இல்லை. மீன் இருக்கும் என்று தோன்றிய இடத்துக்கெல்லாம் கொண்டுபோனேன். எதையும் குறைவைக்கவில்லை.

ஒரு மணிக்கு யூசோப்பிடம் தலையசைத்தேன். அவர் தூண்டில் நரம்புகளைச் சுருட்டத் தொடங்கினார்.

"இன்னும் ஒரு மணி நேரம்," என்றார் வில்மட்.

"இல்லை சார். என் மகளுக்கு நாளைக்குக் கப்பல்."

"இரட்டிப்பாகக் கொடுக்கிறேன்."

"இல்லை சார்."

அவர் யூசோப் பக்கம் திரும்பி மலாயில் கேட்டார். யூசோப் சுருட்டுவதை நிறுத்தாமல், "காக்காவைக் கேளுங்க, துவான்," என்றார்.

வாழ்நாளெல்லாம் இந்த ஊரில் துரை சொன்னதுதான் கடைசி வார்த்தை. ஆபீஸில், கிளப்பில், படகுகளில். அவர் என்னைப் பார்த்தார். நான் மேற்கே பார்த்துச் சக்கரத்தைத் திருப்பி எஞ்சினைக் கூட்டினேன்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னால் பளாரென்று தண்ணீர் அறைந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். நாங்கள் சுற்றிச் சுற்றி வந்த அதே இடத்தில் ஒரு மயில் மீன் செட்டையை முழுசாக விரித்துக்கொண்டு எழும்பி விழுந்தது. மறுபடி எழும்பியது. பெரிய மீன். யூசோப்புக்குச் சத்தம் மட்டும் கேட்டது, தலையைத் திருப்பினார். வில்மட் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அது எழும்பியதையும், பிறகு முன்னால் திரும்பிவிட்ட என் முதுகையும் அவர் பார்த்திருப்பார்.

"கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க சார்," என்று சொல்லிவிட்டு, நான் இன்னும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினேன்.